காவல் – திண்டுக்கல் சீமையின் கதை: 17. கொம்பு ஊதியவர்களும் ரேகை வைத்தவர்களும்

போன பகுதியைத் தாது வருஷப் பஞ்சத்தில் நிறுத்தியிருந்தேன். பஞ்சம் ஓய்ந்து ஏறக்குறைய இருபது வருஷம் கழிந்த திண்டுக்கல் சமவெளிக்கு இப்போது போகலாம்.

1895 அக்டோபரில் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது. மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக வைகைக்கு வந்தது. பேரணையில் அதைத் திருப்பி மேலூர் வரைக்கும் கொண்டுபோனார்கள். நிலக்கோட்டைப் பக்கத்து வயல்கள் சில அதனால் பச்சை பிடித்தன. ஆனால் சிறுமலைக்கு வடக்கிலும் மேற்கிலும் விரிந்து கிடக்கும் காடுகளுக்கு அந்தத் தண்ணீர் எட்டவில்லை. செம்பட்டி, வேடசந்தூர் வட்டாரங்களெல்லாம் அன்றைக்குக் கிணற்றை நம்பிய சீமைதான்.

கிணறு என்றால் கமலை. கமலை என்றால் ஒரு ஜோடி மாடு. சரிவில் மாடு இறங்க இறங்க வடம் இழுபடும், உருளை கிறீச்சிடும், தோல் வால் கட்டிய சால் மேலே வந்து வாய்க்காலில் தண்ணீரைக் கொட்டும். மாடு பின்னோக்கி ஏறினால் சால் மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். விடியும் முன்னால் தொடங்கி வெயில் ஏறும் வரைக்கும் இதே வேலை. ஒரு குடியானவனுடைய வீட்டில் தானியம் இருக்கலாம், மனைவி கழுத்தில் கொஞ்சம் நகை இருக்கலாம். அது களவு போனால் அழுதுவிட்டு மறுநாள் காட்டுக்குப் போய்விடுவான். தொழுவத்திலிருந்து கமலை மாடு ஒன்று போய்விட்டால் மறுநாள் கிணறு நின்றுவிடும். பயிர் வாட நான்கு நாள் போதும். ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு இறைக்கவும் முடியாது, பழகின ஜோடியைப் பிரித்துப் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் அது உடனே இழுக்கவும் இழுக்காது.

அந்தக் காலத்து மாட்டுக் களவைப் புரிந்துகொள்ள இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். களவு போன மாட்டைத் தேடி யாரும் நேராகப் போலீசுக்குப் போகமாட்டார்கள். துப்பு அறிந்த ஆளைத் தேடிப் போவார்கள். அவர் விசாரித்துச் சொல்வார். மாட்டின் விலையில் ஒரு பங்கை அவர் கையில் கொடுத்தால், குறித்த இடத்தில் குறித்த இரவில் மாடு கட்டிக் கிடக்கும். இந்தப் பணத்துக்குத் துப்புக்கூலி என்று பெயர். துப்புக்கூலி கொடுக்க வேண்டாம் என்று நினைக்கும் ஊர், காவலுக்கு ஆள் வைத்துக்கொள்ளும். காவல்காரருக்கு அறுவடைக் களத்தில் தானியப் பங்கு உண்டு. ஊரில் எது காணாமல் போனாலும் அவர்தான் பொறுப்பு: மீட்டுக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஈடு கொடுக்க வேண்டும்.

திண்டுக்கல் தாலுகாவின் பல ஊர்களில் இந்தக் காவலை ஏற்றவர்கள் தெற்கே எட்டு நாடு எனப்பட்ட கள்ளர் சீமையிலிருந்து வந்த பிரமலைக் கள்ளர்கள். காவல் அவர்களுக்குப் பரம்பரை உரிமை. நாயக்கர் காலத்திலிருந்தே பேசப்படுகிற உரிமை அது. கம்பெனி ஆட்சி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பழைய காவல் முறையைச் சட்டப்படி ஒழித்தது. 1859இல் சென்னை மாகாணத்துக்கென்று தனிப் போலீஸ் சட்டமும் வந்தது. ஆனால் பத்துப் பன்னிரண்டு மைலுக்கு அப்பால் இருக்கிற ஒரு போலீஸ் கச்சேரியும் அதில் நாலைந்து கான்ஸ்டபிள்களும் ஒரு கிராமத்தின் இராத்திரியைக் காத்துவிட முடியாது. ஆகவே காகிதத்தில் ஒழிந்த காவல் ஊருக்குள் தொடர்ந்தது. சட்டத்தின் நிழலில் இருந்த வரைக்கும் அது உரிமை. சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்ட பிறகு அதே கூலியை அரசாங்கம் மிரட்டிப் பறிக்கும் பணம் என்று எழுதத் தொடங்கியது. குடியானவர்களும் நாளாக நாளாக அப்படித்தான் உணர்ந்தார்கள். காவல் கூலி கொடுக்காத ஊரில்தான் களவு அதிகம் என்பதை அவர்கள் கவனிக்காமல் இருப்பார்களா?

இந்த மன வெக்கை 1896இல் தீயாகப் பிடித்தது. திண்டுக்கல் தாலுகாவில் அம்மையப்ப கோன் என்ற இடையர் முன்னால் நின்றார். தன் உறவுப் பெண் ஒருத்தியின் விஷயத்தில் ஒரு கள்ளர்மீது அவருக்கு இருந்த பகைதான் தொடக்கம் என்று அன்றைய அரசுப் பதிவுகள் சொல்கின்றன. தனிப்பகை மட்டுமே காரணமாக இருந்தால் அது ஒரு ஊரோடு முடிந்திருக்கும். ஊர் ஊராகப் பரவியது என்றால், அதற்கான விறகு ஊர் ஊராக ஏற்கெனவே அடுக்கியிருந்தது என்று பொருள்.

ஊரார் கூடிச் சத்தியம் செய்தார்கள்: இனிக் கள்ளரைக் காவலுக்கு வைப்பதில்லை. வீட்டுக்கு வீடு பணம் வசூலித்துப் பொது நிதி சேர்த்தார்கள். களவு போன மாட்டுக்கு ஈடு அந்த நிதியிலிருந்து. சொந்தக் காவலாளுக்குச் சம்பளமும் அதிலிருந்தே. நிதிக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல் குடியானவர் வாயில் ‘பண்டு’ ஆகி, அதுவே இயக்கத்துக்கும் பெயராயிற்று. ஒவ்வொரு ஊரிலும் ஒரு கொம்பு. இரவில் கொம்புச் சத்தம் கேட்டால் ஆண்களெல்லாம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடிவர வேண்டும். பக்கத்து ஊருக்குச் சத்தம் கேட்டால் அங்கேயும் கொம்பு ஊத வேண்டும். மின்விளக்கில்லாத சமவெளியில், ஒரு ஊரின் கொம்பை அடுத்த ஊர் வாங்கி, அதை அதற்கடுத்த ஊர் வாங்கி, சத்தம் சிறுமலை அடிவாரம் வரைக்கும் போய்ச் சேர்வதை நினைத்துப் பாருங்கள். குடியானவர்களுக்கு அது தைரியம். அதே சத்தத்தைத் தன் குடிசைக்குள் படுத்தபடி கேட்கிற ஒரு கள்ளர் வீட்டுப் பெண்ணுக்கு அது என்னவாக இருந்திருக்கும்?

கள்ளர் குடும்பங்கள் ஊர்களைவிட்டு விரட்டப்பட்டன. சில இடங்களில் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். களவில் கைபட்டவரும் படாதவரும், இரண்டு தலைமுறையாக அதே மண்ணில் உழுதுகொண்டிருந்தவரும் சேர்ந்தே விரட்டப்பட்டார்கள். கொம்பு பிறப்பைத்தான் பார்த்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். பின்னால் வந்த சட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் நேரே வெள்ளைக்கார அதிகாரியிடம் போய்விடுகிறார்கள். பண்டு இயக்கத்தை எழுதுகிறவர்களோ, அதைக் களவுக்கு எதிரான விவசாயி எழுச்சி என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் திண்டுக்கல் சீமையின் கதை விளங்கும். கமலை மாட்டைப் பறிகொடுத்தவனின் பயம் பொய்யல்ல. அந்தப் பயத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆனால் பயம் ஒரு ஜாதியின் பெயரைச் சொல்லத் தொடங்கிய கணத்தில், அதைக் கையில் எடுத்துக்கொள்ள ஒரு அரசாங்கம் தயாராக நின்றுகொண்டிருந்தது.

அந்த அரசாங்கத்திடம் அதற்கான சட்டமும் இருந்தது. 1871இல் வட இந்தியாவுக்கென்று குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றினார்கள். தச்சன் மகன் தச்சன் ஆவதுபோல, நெசவாளி மகன் நெசவாளி ஆவதுபோல, குற்றமும் இங்கே குலத்தொழிலாக வருகிறது என்பதுதான் அதற்குச் சொன்ன நியாயம். 1911இல் அதைத் திருத்தி எழுதிச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். சட்டத்தின் உயிர்நாடி ஒன்றுதான். ஒரு கூட்டம் வழக்கமாகக் குற்றம் செய்கிறது என்று மாகாண அரசு நம்பினால் போதும். அரசிதழில் அறிவிக்கை போடலாம். அந்த அறிவிக்கை சரியா தப்பா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது. தனித்தனியாக யார் என்ன செய்தார் என்பதற்குச் சாட்சி வேண்டாம், விசாரணை வேண்டாம். பெயர் பதிவேட்டில் ஏறிவிடும்.

1914இல் மதுரைக்கு மேற்கே நாகமலை அடிவாரத்துக் கீழக்குயில்குடி கள்ளர்கள்மீது சட்டம் பாய்ந்தது. 1918இல் பிரமலைக் கள்ளர் முழுவதும் குற்றப் பரம்பரை என்று அறிவிக்கப்பட்டார்கள். திருமங்கலம், உசிலம்பட்டி, நிலக்கோட்டை, திண்டுக்கல் என்று அவர்கள் எங்கே வாழ்ந்தாலும் சட்டம் பின்னாலேயே வந்தது. சனங்கள் இதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். சட்டப் புத்தகத்தில் எத்தனையோ பிரிவுகள் இருந்தாலும் அவர்கள் உடம்பில் முதலில் பட்டது கைரேகை எடுக்கும் மைதான் என்பதால் அந்தப் பெயர்.

ரேகை எடுக்கும் விதத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஒரு தகட்டில் கறுப்பு மையைச் சின்ன உருளையால் மெல்லியதாகத் தேய்த்துப் பரப்பியிருப்பார்கள். போலீஸ்காரர், பதிவேட்டில் ஏறியவரின் கையைத் தன் கையில் வாங்கிக்கொள்வார். விரலை இவர் அசைக்கக் கூடாது. தளர விட வேண்டும். நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் விரலை மையில் உருட்டி, பிறகு காகிதத்தில் கட்டத்துக்குள் உருட்டுவார். பத்து விரலுக்கும் பத்துக் கட்டம். வடம் பிடித்தும் மண்வெட்டி பிடித்தும் தேய்ந்துபோன விரல்களில் ரேகை சரியாக விழாது. விழாவிட்டால் மறுபடியும் உருட்டு. வளர்ந்த ஆண்மகன் ஒருவன், தன் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, தன் விரலை இன்னொருவன் இஷ்டத்துக்கு விட்டுக்கொடுத்து நிற்கிற அந்த நேரம் இருக்கிறதே, அது அபராதத்தைவிடக் கடுமையானது. முடிந்தபிறகு எண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் மை நாலைந்து நாள் இருக்கும். ஊரில் எதிரே வருகிறவர்கள் அதைப் பார்ப்பார்கள்.

இந்த ரேகை விஞ்ஞானம் பெருமளவு இந்த மண்ணிலேயே பழக்கப்பட்டது என்பதும் பலருக்குத் தெரியாது. 1858இல் வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, சாலைக்குச் சரளை கொடுக்க ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தில் பதிய வைத்தார். பேச்சு மாறாமல் இருக்க ஒரு மிரட்டல், அவ்வளவுதான் அவர் எண்ணம். 1897இல் கல்கத்தாவில் ரேகைக் கூடம் நிறுவினார்கள். லட்சக்கணக்கான ரேகைகளைப் பிரித்து அடுக்கும் கணக்கை அங்கே உருவாக்கியவர்கள் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய அதிகாரிகள். முறைக்குப் பெயர் மட்டும் அவர்களின் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியுடையது. லண்டன் போலீஸ் அதை 1901இல்தான் ஏற்றுக்கொண்டது.

ரேகை வைத்ததும் விஷயம் முடிந்துவிடாது. இரவில் ஆஜர் கொடுக்க வேண்டும். நள்ளிரவுக்கு முன்னால் ஒருமுறை, விடிவதற்கு முன்னால் மறுமுறை என்று ஆஜர் எடுத்த இடங்கள் உண்டு. பல ஊர்களில் ஆண்கள் சாவடியிலோ கச்சேரியிலோதான் இரவைக் கழிக்க வேண்டும். பெயரைக் கூப்பிடுவார்கள், எழுந்து நின்று குரல் கொடுக்க வேண்டும். மழைக்காலம், காய்ச்சல், வீட்டில் சாவு, கல்யாணம் எதுவும் கணக்கில்லை. தாலி கட்டிய அன்று இரவே மாப்பிள்ளை கச்சேரிக்குப் படுக்கப் போன கதைகளை அந்த ஊர்களில் இன்றும் சொல்கிறார்கள். ஆண்கள் இல்லாத வீடுகளில் பெண்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்பதைப் பற்றி எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை.

பகலில் வெளியூர் போக வேண்டுமென்றால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். ராதாரி என்பது பாரசீகத்திலிருந்து வந்த சொல், வழிச்சீட்டு என்று அர்த்தம். வத்தலக்குண்டு சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறாரா, அக்காள் வீட்டு விசேஷத்துக்குத் திண்டுக்கல் போகிறாரா, சீட்டில் எழுத வேண்டும்: எந்த ஊர், யார் வீடு, எப்போது திரும்புவது. போன ஊரில் கிராம முன்சீப்பிடமோ போலீசிடமோ காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பியதும் ஒப்படைக்க வேண்டும். சீட்டில்லாமல் வழியில் அகப்பட்டால் குற்றம். மாடு திருடியதற்கான குற்றமல்ல, நடந்ததற்கான குற்றம். பதிவேட்டில் இருப்பவர் குறிப்பிட்ட குற்றங்களுக்காக இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால் ஏழு வருஷத்துக்குக் குறையாது; மூன்றாம் முறை நாடு கடத்தல்.

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டிக்குத் தெற்கே பெருங்காமநல்லூர் ரேகை வைக்க மாட்டோம் என்றது. நாங்கள் உழுது பிழைக்கிறவர்கள், எங்கள் ஊரில் குற்றவாளி இல்லை, பிறகு எதற்கு மை? இதுதான் அவர்கள் கேள்வி. பதில் துப்பாக்கியிலிருந்து வந்தது. 16 பேர் செத்தார்கள். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோன மாயக்காளும் அவர்களில் ஒருவர். அந்த ஊரில் இன்று நினைவுத் தூண் நிற்கிறது. ஒவ்வொரு ஏப்ரல் 3ஆம் தேதியும் சனங்கள் கூடுகிறார்கள். வேறு தாலுகாவில் நடந்ததை ஏன் திண்டுக்கல் வரலாற்றில் எழுதுகிறேன் என்று கேட்கலாம். துப்பாக்கிச் சூடு நடந்தது அங்கேதான். அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு மறுநாள் வரிசையில் போய் விரலை நீட்டியவர்கள் இந்தச் சமவெளியிலும் இருந்தார்கள்.

அதே 1920இல்தான் கைதிகளின் அடையாளங்களைப் பதிவு செய்வதற்கென்று இந்தியா முழுமைக்கும் தனிச் சட்டம் இயற்றினார்கள். அதே 1920-21இல், இங்கிருந்து வெகு தூரத்தில் பெட்ரோகிராடில், யெவ்கெனி சம்யாதின் என்ற கப்பல் பொறியாளர், எல்லாரையும் கண்காணிக்கும் ஒரு கற்பனைத் தேசத்தைப் பற்றி ‘நாங்கள்’ என்ற நாவலை எழுதிக்கொண்டிருந்தார். அந்த நாவலின் தேசத்தில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். வீடுகளுக்குக் கண்ணாடிச் சுவர். திரையை இறக்கிக்கொள்ள வேண்டுமென்றால் அரசாங்கம் கொடுத்த சீட்டு வேண்டும். சொந்த நாட்டில் அதை அச்சிட விடவில்லை. 1924இல் நியூயார்க்கில் ஆங்கிலத்தில் வந்தது. அதைப் படித்து 1946இல் மதிப்புரை எழுதிய ஜார்ஜ் ஆர்வெல், 1949இல் தன் ‘1984’ நாவலை வெளியிட்டார். சுவரில் ஒரு திரை, திரைக்குப் பின்னால் ஒரு கண், யார் எப்போது பார்க்கிறார்கள் என்று தெரியாத பயம். அந்த ஆர்வெல் பிறந்தது 1903இல் பீகாரின் மோதிஹாரியில். 1922 முதல் 1927 வரை அன்றைக்கு இந்தியாவின் மாகாணமாக இருந்த பர்மாவில் ஏகாதிபத்தியப் போலீஸ் அதிகாரியாக வேலை பார்த்தவர். பதிவேட்டை எழுதுகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதர் அவர்.

இந்த நாவல்களை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு ஒன்று நெருடுகிறது. அந்தக் கற்பனைத் தேசங்களில் கண்காணிப்பு பெரும்பாலும் எல்லார் மேலும் இருக்கிறது. அதனால் படிக்கிறவர் தன்னை அந்த இடத்தில் வைத்துப் பயப்பட முடிகிறது. நம் சீமையில் நடந்தது அப்படியல்ல. இங்கே ஒரு தெருவில் ஆஜர் நடந்துகொண்டிருந்தபோது அடுத்த தெரு நிம்மதியாகத் தூங்கியது. ஆஜர் நடந்ததால் தூங்கியது. கொம்பு ஊதி விழித்திருந்த ஊர்கள், இனித் தாங்கள் விழித்திருக்க வேண்டியதில்லை என்று கொம்பை எரவாணத்தில் சொருகிவிட்டன. சமவெளி முழுவதற்கும் இருந்த பயம் ஒரு பிறப்பின் தலையில் இறக்கி வைக்கப்பட்டது. அரசாங்கம் ஆயிரம் போலீஸ்காரரைச் சேர்த்திருந்தாலும் இதை நடத்தியிருக்க முடியாது. அடுத்த தெருவின் தூக்கம்தான் அதை நடத்தியது.

காவல் என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். காப்பதும் காவல்தான், பிடித்து அடைப்பதும் காவல்தான். ஊரைக் காத்தவர்களின் பேரப்பிள்ளைகள் காவலில் இருந்தார்கள். வேறு எந்தச் சொல்லும் இந்தக் காலத்தை இவ்வளவு முழுசாகச் சொல்லிவிடாது.

1920களில் அரசாங்கம் இன்னொரு வழியைப் பிடித்தது. இதை நான் துப்பாக்கியைவிடக் கவனமாகப் பார்க்கிறேன். ஊருக்கு ஊர் கள்ளர் பஞ்சாயத்து அமைத்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் சிலர் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைப்பார்கள்: எங்கள் ஊரில் யார் தப்பு செய்தாலும் நாங்களே பிடித்துக் கொடுக்கிறோம், களவுப் பொருளை மீட்டுக் கொடுக்கிறோம், அபராதம் போடுகிறோம். பஞ்சாயத்து ஒழுங்காக நடந்தால் ஆஜரிலிருந்து சலுகை. ஒருவன் தவறினால் ஊருக்கே சலுகை போகும். நினைத்துப் பாருங்கள், அண்ணன் வீட்டுக்கு இரவில் யாரோ வந்துபோனதைத் தம்பி பார்க்கிறான். சொன்னால் அண்ணன் பிடிபடுவான், சொல்லாவிட்டால் ஊர் முழுவதும் மறுபடி சாவடியில் படுக்க வேண்டும். வந்தவர் மாமனாராகவும் இருக்கலாம், கடன் கேட்க வந்தவராகவும் இருக்கலாம். ஆனால் தம்பி அன்று இரவு தூங்கமாட்டான். வெளியிலிருந்து பார்த்த கண்ணை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்த ஏற்பாடு இது. அந்தப் பெரியவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. தங்கள் பிள்ளைகள் வீட்டில் படுக்க வேண்டும் என்பதற்காகக் கைநாட்டு வைத்தவர்கள் அவர்கள்.

கூடவே பள்ளிக்கூடம் வந்தது, கூட்டுறவுச் சங்கம் வந்தது, கிணறு வெட்டக் கடன் வந்தது, ஆலை வேலைக்கும் தோட்ட வேலைக்கும் ஆள் அனுப்பினார்கள். இந்த மொத்த ஏற்பாட்டுக்கும் கள்ளர் சீரமைப்பு என்று பெயர். செலவுக்கென்று ஒரு பொது நிதி. 1896இல் குடியானவர்கள் இவர்களை விரட்டச் சேர்த்ததும் பண்டு, இவர்களைத் திருத்த அரசாங்கம் வைத்ததும் பண்டு.

எதிர்த்து நின்றவர்களும் உண்டு. செங்கன்னூரில் பிறந்து மதுரையில் வக்கீல் தொழில் செய்த ஜார்ஜ் ஜோசப், கூலி பார்க்காமல் இவர்களுக்காக வாதாடினார், எழுதினார். ஜோசப் என்ற பெயர் வாயில் நுழையாத சனங்கள் அவரை ரோசாப்பூ துரை என்று அன்பாகக் கூப்பிட்டார்கள். 1938இல் மதுரையிலேயே இறந்தார். இராமநாதபுரம் சீமையில் மறவர்கள் மீதும் இதே சட்டம் பாய்ந்தபோது முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகப் போய் ரேகை வைக்காதீர்கள் என்று பேசினார். பொதுவுடைமை இயக்கத்தின் ப. ஜீவானந்தமும் குரல் கொடுத்தார். 1947இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் சென்னை மாகாணத்தில் சட்டம் நீக்கப்பட்டது. இந்தியா முழுவதும் நீங்கியது 1952 ஆகஸ்ட் 31இல்.

சட்டம் போனாலும் பதிவேட்டை யாரும் கொளுத்திவிடவில்லை. 1948லேயே சென்னை மாகாணம் வழக்கமான குற்றவாளிகளுக்கென்று ஒரு கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இந்த முறை ஜாதியின் பெயர் இல்லை, ஆளின் பெயர்தான். அந்த வித்தியாசம் பெரியது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் தாத்தாவின் பெயர் இருந்த கச்சேரிக்குப் பேரன் பெயர் போய்ச் சேர்வது சுலபம். போலீஸ் ஏடுகளில் தெரிந்த குற்றவாளிகளைக் குறிக்கப் பயன்பட்ட இரண்டு ஆங்கில எழுத்துகள் தமிழில் ‘கேடி’ ஆகி, இன்று வீட்டில் குறும்பு செய்கிற பிள்ளையைக்கூட அப்படித்தான் செல்லமாகத் திட்டுகிறோம். அந்தச் சொல் ஒரு பதிவேட்டிலிருந்து இறங்கி வந்தது என்பது நம் நினைவில் இல்லை. சிறைகளில் ஜாதி பார்த்து வேலை பிரிப்பது செல்லாது என்று 2024 அக்டோபர் 3இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, பழைய குற்றப் பரம்பரையினரை வழக்கமான குற்றவாளி என்று சிறை விதிகள் பார்ப்பதையும் எடுத்துப் பேச வேண்டியிருந்தது. 1920இன் அடையாளப் பதிவுச் சட்டத்துக்குப் பதிலாக 2022இல் வந்த புதிய சட்டம், ரேகையோடு கண்ணின் கருவிழியையும் பதிவு செய்யலாம் என்கிறது. அந்தப் பதிவுகள் 75 ஆண்டு இருக்கும்.

இலக்கியம் இதைத் தாமதமாகத்தான் கையில் எடுத்தது. சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ 2008இல் வந்தது, 2011க்கான சாகித்ய அகாதமி விருதைப் பெற்றது. வேல ராமமூர்த்தி ‘குற்றப் பரம்பரை’ என்ற பெயரிலேயே ஒரு நாவல் எழுதினார். ரஷ்யாவிலும் இங்கிலாந்திலும் வரப்போகும் காலத்தைக் கற்பனை செய்து எழுதினார்கள். நம்மவர்களுக்கு முன்னே பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

கடைசியாகப் பள்ளிக்கூடங்களைப் பற்றி. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. பிள்ளைகளைப் பெற்றவர்களிடமிருந்து திருத்தி எடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தவை அவை. சில ஆண்டுகளுக்கு முன் அரசு அவற்றைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைக்கப் போவதாக அறிவித்தபோது, அந்தந்த ஊர்ச் சனங்கள் எதிர்த்துத் திரண்டார்கள். இது எங்கள் பாட்டன்கள் ரத்தம் சிந்தி வாங்கிய பள்ளிக்கூடம், பெயரை மாற்ற விடமாட்டோம் என்றார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. காலை மணி அடித்ததும் வாத்தியார் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களை வாசிக்கிறார். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து உள்ளேன் ஐயா என்கிறார்கள். பெண் பிள்ளைகளின் குரல்தான் அதில் உரக்கக் கேட்கிறது.

(தொடரும்)